ஸ்பைடர்மேன் கதைக்கு 'முத்திரை' மறுக்கப்பட்டது ஏன்? சூப்பர் ஹீரோ காமிக்ஸை மாற்றிய 3 இதழ்கள்

நியூயார்க்கில் ஒரு உயரமான கட்டிடத்தின் மொட்டை மாடி. போதையில் இருக்கும் ஓர் இளைஞன், தன்னால் காற்றில் நடக்க முடியும் என்று நம்பி அங்கிருந்து குதிக்கிறான். கீழே நிற்பவர்கள் பதறுகிறார்கள். கடைசி நொடியில் பாய்ந்து வந்து அவனைப் பிடிக்கிறார் ஸ்பைடர்மேன்.

காட்சி இவ்வளவுதான். போதைப்பொருள் நல்லது என்று இந்தக் கதையில் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லப்போனால், போதையின் ஆபத்து பற்றி ஒரு கதை போடுங்கள் என்று கேட்டதே அமெரிக்க அரசின் ஒரு துறைதான். ஆனாலும், காமிக்ஸ் புத்தகங்களுக்குச் சான்று தரும் அமைப்பு இந்தக் கதைக்குத் தன் முத்திரையைத் தர மறுத்துவிட்டது. காரணம், கதையில் போதைப்பொருள் வருகிறது என்பது மட்டும்தான்.

1971-ல் நடந்த இந்த மோதல், சூப்பர் ஹீரோ கதைகள் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற எல்லைக்கோட்டையே மாற்றிப் போட்டது. இன்று தமிழ் டப்பிங்கில் நாம் பார்க்கும் மார்வெல், டிசி படங்களின் நாயகர்கள் குடிப்பழக்கம், நிறவெறி, அரசின் அத்துமீறல் எல்லாவற்றையும் பேசுகிறார்கள் என்றால், அந்தக் கதவு திறந்ததில் இந்த 3 இதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் சூப்பர் ஹீரோ யாரை எதிர்த்தார்?

சூப்பர் ஹீரோ என்றதும் வேற்றுக்கிரகவாசி, ராட்சத ரோபோ, உலகை அழிக்கத் துடிக்கும் வில்லன் என்றுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை.

1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானார். விலை 10 சென்ட். உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள். கிளீவ்லாந்து நகரில் வளர்ந்தவர்கள். இருவருமே யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் இருந்து முழுதாக மீளாத நேரம் அது.

அந்த முதல் கதையில் சூப்பர்மேன் செய்யும் வேலைகளைப் பாருங்கள். செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார். மனைவியை அடிக்கும் கணவனை அடக்குகிறார். வாஷிங்டனில் அரசியல்வாதியை விலைக்கு வாங்கி, நாட்டைப் போரில் இழுத்துவிடப் பார்க்கும் ஆளைத் துரத்துகிறார். வேற்றுக்கிரகத்தில் இருந்து வந்தவர் சூப்பர்மேன் மட்டும்தான். அவர் மோதிய பிரச்சினைகள் எல்லாம் அன்றைய செய்தித்தாளில் வந்தவை.

அடுத்து கேப்டன் அமெரிக்கா. 1941 மார்ச் தேதியிட்டு, 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்த முதல் இதழின் அட்டையில் அவர் ஹிட்லரின் முகத்தில் ஓங்கிக் குத்துகிறார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. 'அது ஐரோப்பாக்காரங்க பிரச்சினை, நமக்கெதுக்கு' என்று நினைத்த அமெரிக்கர்கள் ஏராளம். நாஜி ஆதரவுக் கூட்டங்களே நியூயார்க்கில் நடந்த காலம். எனவே அந்த அட்டைப்படம் ஒரு வெளிப்படையான அரசியல் நிலைப்பாடு. அதை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். மிரட்டல் வந்ததாகவும், நியூயார்க் மேயர் லாகார்டியா போன் செய்து பாதுகாப்பு தருவதாகச் சொன்னதாகவும் சைமன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

1946-ல் சூப்பர்மேன் வானொலித் தொடரில் 16 பகுதிகளாக வந்த ஒரு கதையில், அவர் கூ க்ளக்ஸ் க்ளான் போன்ற ஒரு நிறவெறிக் கும்பலை எதிர்த்தார். கதையில் அந்தக் கும்பல் குறிவைத்தது ஒரு சீன அமெரிக்கக் குடும்பத்தை. அந்தக் கதை மீண்டும் உயிர்பெற்று, 2019-ல் ஜீன் லுவென் யாங் எழுத்தில் காமிக்ஸாகவும் வரத் தொடங்கியது.

ஆக, சமூகப் பிரச்சினையைப் பேசுவது சூப்பர் ஹீரோ கதைகளுக்குப் பின்னால் ஒட்டவைத்த விஷயம் இல்லை. பிறந்தபோதே இருந்தது. இடையில் அது நிறுத்தப்பட்டது என்பதுதான் விஷயமே.

காமிக்ஸை எரித்தது ஏன்?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோக்களின் மவுசு குறைந்தது. குற்றக் கதைகளும் திகில் கதைகளும் விற்பனையில் முந்தின. ரத்தம், கோடாரி, வெட்டுப்பட்ட தலை என்று அட்டைப்படங்கள் போட்டி போட்டன. வாங்கியவர்களில் பெரும்பகுதி சிறுவர்கள்.

பெற்றோர் கவலைப்பட்டார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் கவலை வேகமாகக் கோபமாக மாறியது. 1948-ல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஆகிய ஊர்களில் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். நாஜிகள் புத்தகம் எரித்ததை உலகம் கண்டித்து அதிக காலம் ஆகாத நேரம் அது.

இந்தக் கோபத்துக்கு அறிவியல் முகம் கொடுத்தவர் மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தம். 1954-ல் அவர் எழுதிய 'அப்பாவிகளை மயக்குதல்' என்ற பொருள்படும் புத்தகம், சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் முக்கியக் காரணம் என்றது. சூப்பர்மேன் வன்முறையை வழிபட வைக்கிறார், பேட்மேனும் ராபினும் ஓரினச்சேர்க்கைக் கற்பனையைத் தூண்டுகிறார்கள் என்றெல்லாம் அதில் குற்றச்சாட்டுகள்.

யார் இந்த வெர்தம்? வில்லனா?

காமிக்ஸ் ரசிகர்களுக்கு இவர் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. ஆனால் ஆள் அவ்வளவு எளிதில் அடங்குபவர் இல்லை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை எட்டாக்கனியாக இருந்த காலத்தில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் அவர்களுக்காக மருத்துவமனை நடத்தியவர் இவர். கையில் இருந்தால் 25 சென்ட், இல்லையென்றால் இலவசம். பள்ளிகளில் நிறப் பாகுபாடு குழந்தைகளின் மனதைக் காயப்படுத்துகிறது என்று அவர் அளித்த சாட்சியம், அந்தப் பாகுபாட்டை ஒழித்த 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்குகளில் ஒன்றில் பயன்பட்டது.

குழந்தைகள் மீது அவருக்கு இருந்த அக்கறை நிஜம். ஆனால் ஆதாரம்? அங்கேதான் சிக்கல். வெர்தமின் ஆவணங்கள் 2010-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, அவற்றைப் படித்த பேராசிரியர் கரோல் டில்லி 2012-ல் தன் ஆய்வை வெளியிட்டார். சிறுவர்கள் சொன்னதை வெர்தம் மாற்றியும், வெட்டியும், ஒருவர் சொன்னதைப் பலர் சொன்னதாகப் பிரித்தும் எழுதியிருந்தது அதில் அம்பலமானது. வறுமை, வீட்டு வன்முறை என்று அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் இருந்த மற்ற காரணங்கள் புத்தகத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன.

நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது, சொல்லும் ஆதாரமும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு வெர்தம் ஒரு பாடம்.

'முத்திரை' எப்படி வந்தது?

1954 ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் சிறார் குற்றங்களுக்கான துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. திகில் காமிக்ஸ் வெளியிட்ட 'ஈசி காமிக்ஸ்' நிறுவனத்தின் வில்லியம் கெயின்ஸ் தானாக முன்வந்து சாட்சி சொன்னார். அவருடைய இதழ் ஒன்றின் அட்டையில், ஒருவன் ஒரு கையில் கோடாரியும் மறு கையில் பெண்ணின் துண்டிக்கப்பட்ட தலையுமாக நிற்பான். இது ரசனைக்குரியதா என்று செனட்டர் கேஃபாவர் கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு இது ரசனையானதுதான் என்று கெயின்ஸ் பதில் சொல்ல, மறுநாள் செய்தித்தாள்களில் அதுதான் பேச்சு.

அரசே சட்டம் போட்டுவிடும் என்று பயந்த பதிப்பாளர்கள், முந்திக்கொண்டு தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை உருவாக்கினார்கள். 1954 அக்டோபரில் 'காமிக்ஸ் கோட்' என்ற விதிமுறை அமலுக்கு வந்தது. விதிக்கு உட்பட்ட இதழ்களின் அட்டையில், தபால் தலை போன்ற ஒரு சிறு முத்திரை அச்சாகும்.

இது சட்டம் இல்லை. முத்திரை இல்லாமல் புத்தகம் போட்டால் யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முத்திரை இல்லாத கட்டுகளை விநியோகஸ்தர்களும் கடைக்காரர்களும் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். பேப்பரில் விருப்பம், நடைமுறையில் கட்டாயம். பல நிறுவனங்கள் இழுத்து மூடின.

விதிகள் என்ன சொல்லின?

* போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரிகள் மீது மரியாதைக் குறைவு ஏற்படும்படி காட்டக்கூடாது
* எல்லாக் கதையிலும் நல்லது ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும்
* ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடைப்பிணம் எதுவும் கூடாது
* விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக்கூடாது
* இனம், மதம் எதையும் இழிவுபடுத்தக் கூடாது

கடைசி விதி நல்ல விதிதானே என்று தோன்றும். அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும்.

வியர்வைத் துளியில் வந்த சண்டை

ஈசி காமிக்ஸ் 1953-ல் வெளியிட்ட ஒரு கதை 'தீர்ப்பு நாள்' என்ற பொருள்படும் தலைப்பு கொண்டது. பூமியில் இருந்து ஒரு விண்வெளி வீரர் ரோபோக்கள் வாழும் கிரகத்துக்குப் போகிறார். அங்கே ஆரஞ்சு நிற ரோபோ, நீல நிற ரோபோ என்று இரண்டு வகை. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றேதான். மேல் தகடு மட்டும் வேறு. ஆனால் நீல ரோபோக்களுக்குத் தனி குடியிருப்பு, தாழ்ந்த வேலை. இந்தப் பாகுபாடு இருக்கும்வரை உங்களை அண்டக் குடியரசில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு வீரர் திரும்புகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

இதை மறுபதிப்பு செய்ய முத்திரை கேட்டபோது, விதிமுறை அமைப்பின் தலைமை அதிகாரியாக இருந்த சார்லஸ் மர்ஃபி, வீரர் கறுப்பினத்தவராக இருக்கக்கூடாது என்றார். அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. கெயின்ஸ் தரப்பு விஷயத்தைப் பத்திரிகைகளிடம் கொண்டுபோவோம் என்று எச்சரித்ததும், சரி, வியர்வைத் துளியையாவது எடுங்கள் என்று இறங்கி வந்தார். கெயின்ஸ் மறுத்தார். 1956 ஜனவரி - பிப்ரவரி தேதியிட்ட இதழில் ஒரு துளியும் மாறாமல் அந்தக் கதை வெளியானது. ஈசி வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழும் அதுதான்.

இனவெறியைத் தடுக்க எழுதிய விதி இருந்தும், இனவெறிக்கு எதிரான கதைக்குத்தான் தடை வந்தது. விதி எழுதுவது ஒரு விஷயம், அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அரசே கேட்டது, அமைப்பு மறுத்தது

இப்போது 1970-க்கு வரலாம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க இளைஞர்களிடம் போதைப்பழக்கம் பெரிய கவலையாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில், போதைப்பழக்கம்தான் நாட்டின் முதல் எதிரி என்று அதிபர் நிக்சனே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை.

அப்போது அமெரிக்க சுகாதாரம், கல்வி, நலத்துறையில் இருந்து மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் கதைகளை இளைஞர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். போதையின் ஆபத்தைப் பற்றி ஏதாவது எழுத முடியுமா என்பதுதான் கோரிக்கை.

ஸ்டான் லீ தேர்ந்தெடுத்தது ஸ்பைடர்மேனை. 1962-ல் அவரும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய பாத்திரம். மற்ற ஹீரோக்கள் போல இல்லை. வாடகைக்குத் திண்டாடுவார், சளி பிடிக்கும், காதலில் சொதப்புவார். தன் சக்தியைச் சுயநலமாகப் பயன்படுத்தி, பிடித்திருக்கக்கூடிய ஒரு திருடனைத் தப்பவிட்டதால் வளர்த்த மாமாவையே இழந்தவர். சக்தி இருந்தால் பொறுப்பும் கூடவே வரும் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் அடித்தளம். மாணவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. போதை பற்றிப் பேச இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ஆனால் முத்திரை தரும் அமைப்பு கையை விரித்தது. வேடிக்கை என்னவென்றால், 1954 விதிமுறையில் போதைப்பொருள் என்ற வார்த்தையே இல்லை. விதியில் சொல்லப்படாவிட்டாலும் அதன் நோக்கத்துக்கு எதிரானவை கூடாது என்ற பொது வாசகம் மட்டுமே இருந்தது. எச்சரிக்கைக் கதையோ, ஆதரவுக் கதையோ, போதைப்பொருள் என்ற பேச்சே கூடாது என்பது அமைப்பின் நிலை.

மார்வெல் பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் முன்னால் இரண்டு வழி. கதையைக் கைவிடலாம். அல்லது முத்திரை இல்லாமல் அச்சடிக்கலாம். சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்கும் இதழ் அது. ஈசி காமிக்ஸுக்கு என்ன ஆனது என்பது தொழிலில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கட்டுகள் திரும்பி வந்தால் நஷ்டம் மார்வெலுக்குத்தான். ஆனாலும் குட்மேன் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த 3 இதழ்களில் என்ன இருந்தது?

'அமேசிங் ஸ்பைடர்மேன்' 96, 97, 98-ஆம் இதழ்கள். 1971 மே, ஜூன், ஜூலை. ஓவியம் கில் கேன். மூன்றின் அட்டையிலும் அந்த முத்திரை இல்லை.

மொட்டை மாடி இளைஞன் வெறும் தொடக்கம். கதையின் மையம் ஹாரி ஆஸ்போர்ன். ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கரின் நண்பன், அறைத்தோழன். கோடீஸ்வரத் தொழிலதிபரின் மகன். காதலி விலகிப் போகிறாள், மனசு தாங்கவில்லை. யாரோ ஒருவன் மாத்திரையை நீட்டுகிறான். ஹாரி வாங்கிக்கொள்கிறான். ஒருகட்டத்தில் அளவு மீறி விழுங்கி உயிருக்குப் போராடுகிறான். அறைக்குத் திரும்பும் பீட்டர்தான் அவனைப் பார்க்கிறான்.

ஊரையே காப்பாற்றுகிற ஹீரோவுக்குத் தன் அறையிலேயே இருந்த நண்பனுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கதையில் வாசகர்களைத் தைத்த இடம் இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போதைக்கு அடிமையாவது ஏழைகளும் கறுப்பினத்தவரும்தான் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், பாதிக்கப்பட்டவனாக ஒரு பணக்கார வெள்ளை இளைஞனைக் காட்டினார் ஸ்டான் லீ. இது உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்று சொல்லும் வழி அது.

ஹாரியின் அப்பாதான் வில்லன் கிரீன் காப்ளின். கடைசி இதழில் ஸ்பைடர்மேன் அவரை அடித்து வீழ்த்துவதில்லை. மருத்துவமனை ஜன்னலுக்கு இழுத்து வந்து, உள்ளே படுத்திருக்கும் மகனைக் காட்டுகிறார். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் வில்லன் நொறுங்கி விழுகிறார். அங்கே ஜெயித்தது முஷ்டி இல்லை, அப்பா பாசம்.

முத்திரை இல்லாமல் வந்தும் இதழ்களின் விற்பனைக்கு அடி விழவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. முத்திரை இல்லாவிட்டால் தொழிலே போய்விடும் என்ற 17 ஆண்டு பயம் முதல் முறையாக உடைந்தது.

அடுத்து என்ன நடந்தது?

அதே 1971-ல் விதிமுறைகள் திருத்தப்பட்டன. போதைப்பழக்கத்தைக் கேடாகக் காட்டும்பட்சத்தில் அதைப் பற்றி எழுதலாம் என்று அனுமதி கிடைத்தது.

உடனே போட்டி நிறுவனமான டிசி இன்னும் ஒரு படி மேலே போனது. டென்னி ஓ'நீல் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்த 'கிரீன் லாண்டர்ன் - கிரீன் ஆரோ' 85, 86-ஆம் இதழ்களில், கிரீன் ஆரோ வளர்க்கும் பையன் ராய் ஹெராயினுக்கு அடிமையாகிறான். 85-ஆம் இதழின் அட்டையிலேயே ஊசியும் கையுமாக அந்தப் பையன். இந்த முறை அட்டையில் முத்திரை இருந்தது! சில மாதங்களுக்கு முன்பு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

ஸ்பைடர்மேன் கதையில் பாதிக்கப்பட்டது நண்பன். இங்கே பாதிக்கப்பட்டது ஒரு சூப்பர் ஹீரோவே. விஷயம் தெரிந்ததும் கிரீன் ஆரோ என்ன செய்கிறார்? பையனை அடித்து வீட்டை விட்டு விரட்டுகிறார். பக்கத்தில் இருந்து அவனை மீட்டெடுப்பது பிளாக் கேனரி என்ற பெண். கடைசியில் ராய் திரும்பி வந்து, தன்னைக் கைவிட்டவரை ஒரு குத்து விட்டுவிட்டுப் போகிறான். ஹீரோ செய்தது தப்பு என்று கதையே தீர்ப்பு சொல்கிறது. நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே இதைப் பாராட்டி எழுதிய கடிதம் 86-ஆம் இதழில் அச்சானது.

திறந்த கதவு அதோடு நிற்கவில்லை. 1971 திருத்தத்தில் இன்னொரு தளர்வும் இருந்தது: விதிவிலக்காக, கடைசியில் தண்டனை கிடைக்கும் என்றால், ஊழல் அதிகாரிகளையும் காட்டலாம். இதைப் பிடித்துக்கொண்டார் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கல்ஹார்ட். 1974 ஜூலை தேதியிட்ட கேப்டன் அமெரிக்கா 175-ஆம் இதழில், நாட்டைக் கவிழ்க்கச் சதி செய்யும் ரகசிய அமைப்பின் தலைவனைத் துரத்திக்கொண்டு கேப்டன் வெள்ளை மாளிகைக்குள்ளேயே போகிறார். முகமூடியைக் கழற்றினால், நாட்டின் உச்சப் பொறுப்பில் இருப்பவர். வாசகருக்கு முகம் காட்டப்படுவதில்லை. ஆனால் தான் நினைத்தது நிக்சனைத்தான் என்று எங்கல்ஹார்ட் பிறகு சொல்லியிருக்கிறார். வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் பதவி விலகியது அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-ல்.

நாட்டின் கொடியை உடையாகப் போட்டவர், நாட்டை ஆள்பவரே துரோகி என்று தெரிந்தால் என்ன செய்வார்? கேப்டன் அந்த உடையைக் கழற்றி வைத்துவிடுகிறார். நாட்டை நேசிப்பதும் அரசுக்குத் தலையாட்டுவதும் ஒன்றில்லை என்பதைச் சிறுவர்கள் படிக்கும் புத்தகம் ஒன்று இவ்வளவு நேரடியாகச் சொன்னது.

எல்லாமே சரியாகத்தான் இருந்ததா?

இல்லை. இந்தக் கதைகளை இன்று படித்தால் குறைகள் பளிச்சென்று தெரியும்.

ஸ்பைடர்மேன் கதையில் அது என்ன மாத்திரை என்றே சொல்லவில்லை. போதை அடிமைத்தனம் ஒரு நோய், அதில் இருந்து மீள நீண்ட சிகிச்சை வேண்டும் என்ற புரிதல் அதில் குறைவு. மாத்திரை விற்பவர்களை நாலு சாத்து சாத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு தோற்றம். ராய் ஹெராயினை விட்டு மீள்வதும் ஒரே இதழுக்குள் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. முகமூடி போட்ட ஒருவர், யாரிடமும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல், தானே நீதி வழங்குவது சரியா? சூப்பர் ஹீரோ கதைகளின் அடிப்படையிலேயே இருக்கும் சிக்கல் இது. ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸின் 'வாட்ச்மென்' 1986-87-ல் இதைத்தான் கேட்டது. மார்வெலின் 'சிவில் வார்' 2006-ல் இதை வைத்தே ஹீரோக்களை இரண்டு அணியாகப் பிரித்து மோதவிட்டது.

வாசகர் தப்பாகப் புரிந்துகொண்டால்?

இந்தக் கேள்வி கற்பனை இல்லை என்பதற்கு பனிஷர் உதாரணம். இவரும் அதே 'அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரில்தான், 1974-ல் 129-ஆம் இதழில் அறிமுகமானார். குடும்பத்தைக் குற்றக் கும்பலிடம் பறிகொடுத்த முன்னாள் ராணுவ வீரர். கைது, வழக்கு எதுவும் கிடையாது, நேரடியாகச் சுட்டுவிடுவார். மார்பில் பெரிய மண்டை ஓட்டுச் சின்னம்.

சட்டம் தோற்றுப்போன இடத்தின் அடையாளமாகத்தான் இவரைப் படைத்ததாக எழுத்தாளர் ஜெர்ரி கான்வே சொல்கிறார். ஆனால் காலப்போக்கில் அந்த மண்டை ஓட்டுச் சின்னத்தை அமெரிக்காவில் சில போலீஸ்காரர்களே வாகனங்களில் ஒட்டத் தொடங்கினார்கள். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் சட்டத்தை மீறுபவனின் சின்னத்தை மாட்டுவதா என்று கான்வே வெளிப்படையாகக் கண்டித்தார்.

2019-ல் பனிஷர் காமிக்ஸே இதற்குப் பதில் சொன்னது. தன் சின்னத்தை வாகனத்தில் ஒட்டியிருக்கும் போலீஸ்காரர்களைச் சந்திக்கும் பனிஷர், அதைக் கிழித்து எறிகிறார். நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியது என்னை இல்லை, கேப்டன் அமெரிக்காவை என்று கண்டிக்கிறார்.

கதை ஒன்று சொல்லும், படிப்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்வார். வெர்தமின் பயத்தில் ஒரு துளி உண்மை இருந்தது என்றால் அது இதுதான்: கதைகளுக்குச் செல்வாக்கு உண்டு. ஆனால் அதற்குத் தீர்வு கதையைத் தடுப்பதா? பனிஷர் விஷயத்தில் தப்பான வாசிப்பைத் திருத்த முன்வந்தது தணிக்கை இல்லை, இன்னொரு கதை.

அந்த முத்திரை இப்போது எங்கே?

1971-க்குப் பிறகு முத்திரையின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் வந்ததும், முத்திரை இல்லாத இதழ்களும் தாராளமாக விற்றன. மார்வெல் 2001-ல் இந்த முறையில் இருந்து விலகித் தனக்கென வயது வாரியான தர அடையாளங்களைக் கொண்டுவந்தது. 2011 ஜனவரியில் டிசி விலகியது. தொடர்ந்து, கடைசியாக இருந்த ஆர்ச்சி காமிக்ஸும் கைவிட்டது. 57 ஆண்டுக் கதை முடிவுக்கு வந்தது.

அதே ஆண்டு அந்த முத்திரைச் சின்னத்தின் உரிமையை ஓர் அமைப்பு பெற்றது. அது காமிக்ஸ் எழுத்தாளர்கள், ஓவியர்கள், கடைக்காரர்களின் கருத்துச் சுதந்திரத்துக்காக நீதிமன்றங்களில் வாதாடும் 'காமிக் புக் சட்டப் பாதுகாப்பு நிதியம்'. தணிக்கையின் அடையாளம், தணிக்கையை எதிர்ப்பவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது.

பெற்றோருக்கு இதில் என்ன இருக்கிறது?

1954-ல் காமிக்ஸ். பிறகு டிவி, வீடியோ கேம். இப்போது செல்போன். பொருள் மாறுகிறது, வீட்டில் நடக்கும் வாக்குவாதம் மாறவில்லை. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவலைப்படுவது பெற்றோரின் கடமை. வயதுக்குத் தகுந்த எல்லை தேவை என்பதிலும் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது.

ஆனால் 17 ஆண்டுகள் போதைப்பொருள் என்ற பேச்சே இல்லாத காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைதான், 1971-ல் போதையோடு போராடிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் அந்த விஷயம் இல்லாததால் தெருவில் அது இல்லாமல் போய்விடவில்லை. அதைப் பற்றி எச்சரிக்க நினைத்தபோதுதான், எச்சரிக்கவும் வழியில்லாமல் விதி குறுக்கே நின்றது.

ஹாரி மாத்திரை சாப்பிட்டது பீட்டருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் தணிக்கை இல்லை. நண்பனிடம் உட்கார்ந்து பேச நேரம் இல்லாததுதான். பிள்ளைகள் கையில் இருக்கும் புத்தகத்தை, போனைப் பிடுங்கிப் பார்ப்பது ஒரு வேலை. அதில் என்ன படித்தாய், என்ன நினைக்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை எந்த முத்திரையும் நமக்காகச் செய்து தராது.